பாதித் தலை

நாத்தனாரின் முடி அடர்த்தியாக இடுப்புக்குக் கீழே இறங்கும். கர்வமும் அந்த அளவுக்கு உண்டு. மாப்பிள்ளை வீட்டார் முதன்முறையாக வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்க, உள்ளறைக் கண்ணாடி முன்னால் அண்ணியிடம் தலையைக் கொடுத்திருந்தாள்.

"அலை அலையா, தளர்வா விழணும் அண்ணி. போட்டோ எடுப்பாங்க."

அண்ணி கொத்துக் கொத்தாகப் பிரித்து, சூடான கம்பியில் சுற்றிச் சுற்றி விட்டாள். ஆறும்வரை சீப்பையே காட்டவில்லை. இத்தனை கனமான முடியைச் சூட்டோடு சீவினால் அலை நிற்காது. பிறகு விரலால் கோதிவிட்டாள். வலப்பக்கம் அலையலையாகச் சரிந்தது. வருஷக்கணக்காகப் பார்லரில் பழகிய கை, வேறெப்படி வரும்?

அந்தக் கையைத்தான் போன வருடம் இதே கூடத்தில், சொந்தக்காரர்கள் நடுவில், இவள் இளக்காரம் செய்தாள். "ஊரார் தலைய அளையற கை. எங்க அண்ணன் பொழப்பே அதுலதான் ஓடுது" என்று சிரித்தாள். அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே பெண்டாட்டியை வேலையை விடச் செய்துவிட்டான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். எல்லாம் அள்ள வைக்கிற விதத்தில் இருக்கிறது.

அண்ணி கம்பியின் சுவிட்சை அணைத்தாள்.

"என்ன அண்ணி? இந்தப் பக்கம்?"

"ஊரார் தலைய அளையற கையாச்சே. உன் தலைக்கு எதுக்கு?"

"ஐயோ, அது விளையாட்டுக்குச் சொன்னது!"

"அந்த விளையாட்டுலதான் என் வேலை போச்சு. நான் பேசுனது தப்பு, அண்ணி வேலைக்குப் போகட்டும்னு உங்கண்ணன்கிட்ட சொல்லு."

"சரி, அண்ணன இங்க கூப்பிடுங்க."

"கூடத்துல சொன்னத கூடத்துலயே போய்ச் சொல்லு."

கண்ணாடியில் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் விளக்குமாறு. அள்ளி முடியவும் வழியில்லை. மாப்பிள்ளையின் அம்மா அந்த முடியைப் பார்க்கவே வந்திருந்தாள். நாத்தனார் துண்டால் தலையை மூடிக்கொண்டு எழுந்தாள். அண்ணி துண்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

கூடத்தில் பேச்சு நின்றது. நாத்தனார் திக்கித் திணறிச் சொன்னது உள்ளே தெளிவாகக் கேட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சம்பந்தி வீட்டார் முன்னால் அண்ணன்காரன் வேறென்ன சொல்வான்? "திங்கக்கிழமையே போகட்டுமே, யாரு வேண்டாம்னது?" என்றான். அண்ணிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டேன். சீக்கிரம் முடிங்க."

அண்ணி கம்பியின் ஒயரை நிதானமாகச் சுருட்டினாள்.

"மிச்சத்துக்குத் திங்கக்கிழமை பார்லருக்கு வா. வரிசையில உக்காந்தா பண்ணிவிடறேன்."