வேலை செய்த சாறு

அன்று காலை அக்கா அவனுடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். சட்டையை அவன் கழற்றக்கூட இல்லை. நூலைப் பல்லால் கடித்துவிட்டு, தினமும் கேட்பதையே கேட்டாள்.

"உங்க லேப்ல சர்க்கரைக்குப் பாக்கற இலைச்சாறு என்னடா ஆச்சு?"

"நேத்து நல்லா வேலை செஞ்சுதுக்கா."

"பரவாயில்லையே. வீட்ல நீ செய்யாத வேலையை அதாவது செய்யுதே."

அவன் சிரித்துக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். மாலையில் திரும்பியபோது அவள் தையல் மெஷின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், அக்கா இன்சுலின் ஊசியை எப்போது நிறுத்தினாள் என்று கேட்டார். நிறுத்தவே இல்லை என்று அவன் அடித்துச் சொன்னான். பத்து நாளாக அவள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததையும், வெயில் என்று சமாளித்ததையும் அப்போதுதான் நினைத்துப் பார்த்தான். மூன்றாம் நாள், கண் விழிக்காமலே போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்து எல்லோரும் போனபின் ஃபிரிட்ஜைத் திறந்தான். மூன்று இன்சுலின் புட்டிகள், மூடி உடைக்கப்படாமல் நின்றன. பக்கத்திலேயே ஒரு சோடா பாட்டிலில் பாதிக்குப் பச்சைத் தண்ணீர். முகர்ந்ததும் தெரிந்துவிட்டது. ஆய்வுக்கூட வேலியில் படர்ந்திருக்கும் அதே இலை. நம் தெருவில்கூட இருக்கிறது என்று ஒருநாள் அவன்தான் கைகாட்டினான்.

துணி தைக்கக் கொடுக்க வரும் எதிர்வீட்டு அம்மாவிடம் அக்கா சொல்லியிருக்கிறாள்: "ஊருக்கெல்லாம் குடுக்கறதுக்கு முன்னாடி நான் குடிச்சுப் பாக்கறேன். அவன்கிட்ட சொல்லிடாதீங்க. சர்க்கரை குறைஞ்சதும் நானே சொல்லி அசத்தறேன்."

அவன் கூடத்தில் உட்கார்ந்தான். ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் தரையில் நீர் போல அசைந்தது. 'வேலை செஞ்சுது' என்றுதான் அவளிடம் சொன்னான். ஆய்வுக்கூடத்தில் ஊதா நிறத் திரவம் ஒன்று உண்டு. அதில் சாற்றை ஒரு சொட்டு விடுவார்கள். சாற்றில் ஆன்டிஆக்சிடன்ட் என்ற சத்து இருந்தால் ஊதா மெல்ல இளகும், வெளுக்கும், தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல மஞ்சளாகும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே எல்லோரும் அப்படிச் சொல்வார்கள். நிறம் மாறியது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். சர்க்கரை உடம்புக்கு அது உதவுமா என்பது பல வருடக் கேள்வி. ஓர் எலிக்குக்கூட இன்னும் கொடுத்ததில்லை. இதை ஒருநாளும் அவன் அவளுக்கு விளக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தம்பி சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

மறுபடி வேலைக்குப் போன நாட்களில் எல்லாம் எங்கோ தூரத்தில் நடந்தன. பஸ் மிதந்தது. பேசுகிறவர்களின் உதடு முன்னால் அசைய, சத்தம் பின்னால் வந்தது. குழாய்களில் நிறம் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது அந்த வார்த்தையைச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அவன் எழுந்துபோய்க் கை கழுவினான்.

பொதுமக்கள் வந்து பார்க்கும் நாளுக்காகத் தலைமை ஆய்வாளர் அம்மா ஓர் அட்டை எழுதி, அதை டைப் செய்யச் சொல்லி அவனிடம் நீட்டினார். 'சர்க்கரை நோய்க்கு எதிராக இச்சாறு நன்றாக வேலை செய்கிறது.' இந்த வார்த்தை வேண்டாம் என்றான் அவன். நாம் எப்போதும் சொல்வதுதானே என்றார் அவர்.

"நமக்குள்ள சொல்லிக்கலாம் மேடம். எங்க அக்கா அதை நம்பித்தான் ஊசியை நிறுத்தினா."

அவர் பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்துவிட்டு, அட்டையை அவன் பக்கம் தள்ளினார்.

அவன் எழுதினான்: 'சோதனைக் குழாயில் நிறம் மாறியது. மனிதர்களிடம் இன்னும் சோதிக்கவில்லை. உங்கள் மருந்தை நிறுத்தாதீர்கள்.'

அன்று வீட்டுக்கு வந்ததும் பச்சைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினான். புட்டிகளை வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தான். காலாவதி ஆக இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.