மஞ்சள் சட்டை, இரண்டாவது மாடி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடங்களுக்கு முன் ஒரு சண்டைப் படத்துக்குத் திரைக்கதை எழுதினேன். அதில் ஒரு வரி: ‘நாயகி இரண்டாவது மாடியிலிருந்து குதிக்கிறாள்.’ எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. நாயகிக்குப் பதிலாகக் குதித்த பெண் அன்றைக்குப் பிறகு நடக்கவில்லை. படப்பிடிப்பில் யாருக்கோ அடி என்று என் காதுக்கு வந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

2

இரண்டு முறை தொடங்கிப் பார்த்தேன்.

‘பழைய சிடிக் கடைக்குள் ஒரு மர்மப் பெண் நுழைந்தாள்…’ (மர்மமெல்லாம் இல்லை. மூட்டுவலிக்காரி, மெதுவாக நுழைந்தாள்.)

‘அவள் கண்களில்…’ (கண்களைப் பற்றி எழுதினால் எனக்குப் பொய்தான் வரும்.)

நேராகவே சொல்கிறேன். தொழிலில் அவளுக்குப் பஞ்சு என்று பெயர். எவ்வளவு உயரத்திலிருந்து தள்ளினாலும் பஞ்சு போல வந்து விழுவாள். நாயகிகளுக்கு டூப் போட்டே முழங்கால் இரண்டும் போய்விட்டன. இப்போது ஒரு தையல் கம்பெனியில் பட்டன் தைக்கிறாள். சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. முடிந்ததும் நேரே அந்தக் கடைக்கு வருவாள்.

அங்கே சண்டைக்கென்றே ஒரு சுவர் உண்டு. மேல்தட்டில் படங்கள், நடுவில் குத்துச்சண்டை, மல்யுத்தப் போட்டிகளின் பதிவுகள், கீழே சண்டைக் காட்சிகளின் பின்னணி இசைக் கேசட்டுகள். கடைக்காரருக்குக் காதுதான் எல்லாம். இசையைக் கேட்டால் எந்தப் படத்துச் சண்டை என்று சொல்லிவிடுவார்.

பஞ்சு தேடிய படத்தின் பெயர் அவளுக்கே தெரியாது. டூப்புக்கு யாரும் படத்தின் பெயரைச் சொல்வதில்லை. மஞ்சள் சட்டை, இரண்டாவது மாடி, கீழே ஒரு காய்கறி வண்டி. இவ்வளவுதான் அவள் கொடுத்த அடையாளம். கடைக்காரர் நாலைந்து கேசட்டைப் போட்டுக்காட்டி, இதுவா அதுவா என்று கேட்டார்.

“எங்க சண்டையில பாட்டெல்லாம் வராதுங்க. யாராவது ‘கட்’டுனு கத்துவாங்க, அவ்வளவுதான்.”

3

அவள் தேடியது தனக்காக அல்ல, பூனைக்காக. பூனையும் டூப்தான், பஞ்சுவுக்கு மூத்தவள். எங்கிருந்து குதித்தாலும் காலில்தான் நிற்பாள் என்பதால் அந்தப் பெயர்.

அன்று குதிக்க வேண்டியவள் பஞ்சு. காய்ச்சலில் படுத்துவிட்டாள், மஞ்சள் சட்டை பூனைக்குப் போனது. அதிலிருந்து இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். குளிப்பாட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் பஞ்சுதான். அந்த நாளைப் பற்றிப் பூனை வாயே திறந்ததில்லை. போன மாதம், தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டாள்.

“நான் விழுந்தது படத்துல இருக்காடி, இல்ல வெட்டிட்டாங்களா?”

அந்த வாரச் சனிக்கிழமையே பஞ்சு கடைக்குக் கிளம்பினாள்.

(இங்கே பஞ்சுவின் குற்ற உணர்ச்சியைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. படித்துப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் என்னுடையது. அடித்துவிட்டேன்.)

4

முந்தைய பிரதியில் படத்தைக் கண்டுபிடிப்பவர் கடைக்காரர். நன்றாகத்தான் வந்திருந்தது, ஆனால் அப்படி நடக்கவில்லை.

நானும் அந்தக் கடைக்குப் போகிறவன். முதல் சனிக்கிழமை ‘மஞ்சள் சட்டை’ என்று காதில் விழுந்ததுமே எந்தப் படம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மல்யுத்தப் பதிவுகளைப் புரட்டுகிற மாதிரி நின்றேன். அடுத்த சனிக்கிழமையும் நின்றேன். மூன்றாவது வாரம் அவள் கீழ்த்தட்டைப் பார்க்கத் தரையில் உட்கார்ந்தாள், பிறகு எழ முடியாமல் அலமாரியைப் பிடித்தாள். கைகொடுத்து எழுப்பிவிட்டு, மேல்தட்டிலிருந்து அந்த சிடியை எடுத்து நீட்டினேன்.

எப்படித் தெரியும் என்றாள். நான் எழுதிய படம் என்றேன். அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நாயகன் மட்டும்தான் இருந்தான்.

“குதிச்சது யாருன்னு தெரியுமா?”

தெரியாது என்றேன். திட்டுவாள் என்று நின்றேன். பூனையைப் பற்றி நாலு வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டு, சிடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

5

இது பஞ்சு பிறகு சொன்னது. வீட்டுக்குப் போனதும் தான் மட்டும் முதலில் பார்த்துவிடலாமா என்று நினைத்தாளாம். மனசு கேட்கவில்லை. மறுநாள் பகலில், பூனையின் முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, இருவருமாகப் பார்த்தார்கள்.

(இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் காட்சி இல்லை, இருவரும் அழுகிறார்கள். மற்றதில் காட்சி இருக்கிறது, அப்போதும் அழுகிறார்கள். உண்மையில் யாரும் அழவில்லை.)

காட்சி இருந்தது. மூன்று நொடி. மஞ்சள் சட்டை சுவரைத் தாண்டியது, காற்றில் ஒருமுறை சுழன்றது, வண்டியின் விளிம்பில் இடித்தது. உடனே நாயகியின் முகம். எழுந்து ஓடுகிறாள்.

பூனை திரும்பப் போடச் சொன்னாள். ஐந்து தடவை. ஐந்தாவது தடவை பஞ்சு திரையைப் பார்க்கவில்லை.

“நான் சரியாத்தான் குதிச்சிருக்கேன். வண்டியைத் தள்ளி நிறுத்திட்டாங்க. பாரு.”

பஞ்சு பார்த்தாள். ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது.

“நீ குதிச்சிருந்தாலும் இதேதான்” என்றாள் பூனை.

“அதானேக்கா. எனக்கு வந்திருக்க வேண்டியது.”

பூனை அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். படம் பாட்டுக்கு ஓடி முடிந்தது. பிறகு, அந்த எழுதினவரை ஒருநாள் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

6

போனேன். (போகாத மாதிரியும் ஒரு பிரதி உண்டு. கிழித்தாயிற்று.) நாற்காலியில் கிடந்த மடித்த துணிகளை எடுத்துவிட்டுப் பஞ்சு எனக்கு இடம் கொடுத்தாள். பூனையின் தோள்கள் இன்னும் அகலமாகத்தான் இருந்தன. வழியெல்லாம் மன்னிப்புக்கு வார்த்தை தேடிக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்ததும் கை காட்டி நிறுத்தினாள்.

“அதெல்லாம் அப்புறம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

கேட்டாள்.

அந்தக் கேள்வியை நான் இங்கே எழுதப்போவதில்லை. பதினாறு வருடம் படுத்தபடியே அவள் யோசித்துவைத்தது, அவளுடையது. என் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் எந்தக் கேள்விக்குப் பயந்திருப்பீர்களோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். பதிலையும் நீங்களே சொல்லுங்கள். பஞ்சு வைத்துவிட்டுப் போன டீயில் ஏடு படிந்துவிட்டது. பூனை அவசரப்படவில்லை. தலையணையைக் கொஞ்சம் நிமிர்த்திவைக்கச் சொல்லி, சாய்ந்துகொண்டு, பார்த்தபடி இருந்தாள்.