ஓரத்திலிருந்து கரைந்த கல்யாணம்

கல்யாணமாகி ஒன்பதாம் ஆண்டில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு, அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்ட எண்பத்திரண்டு பேருக்கும் அன்றைய சாப்பாடு வயிற்றிலிருந்து போய்விட்டது. முதலில் போன் செய்தவள் நாத்தனார். "அண்ணி, உங்க கல்யாணத்துல நான் சாப்பிடவே சாப்பிடாத மாதிரி பசிக்குது!"

அண்ணி மருந்துக்கடை வைத்திருப்பவள்; உப்புப் பாக்கெட்டைக்கூடக் காலாவதித் தேதி பார்த்தே வாங்குவாள். கணவனுக்குப் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலை. தூங்குகிறவர்களையும் நடிக்கிறார்கள் என்றே நினைப்பான். இருவரும் கல்யாண டிவிடியைப் போட்டுப் பார்த்தார்கள். பந்தி இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ நெளிந்து, படம் நின்றது.

வீடியோக்காரர் டிவிடியைச் சாய்த்துப் பார்த்தார். எழுதுவது நடுவிலிருந்து வெளியே போகும், கெடுவது பெரும்பாலும் ஓரத்திலிருந்து உள்ளே வரும், ஆகவே கடைசியில் எடுத்தது முதலில் போகும் என்றார். நடுவில் இருந்தது, அதாவது கடைசியாகப் போகப்போவது, பதிவேட்டில் போட்ட கையெழுத்து.

"உறையில நூறு வருஷம்னு போட்டிருக்கே, அண்ணே?"

"நூறு வருஷம் இருந்து யாரும்மா பார்த்தது? வெயில் பட்டா அஞ்சு வருஷமே ஜாஸ்தி."

"இன்னொரு காப்பி?"

"அதே டப்பா டிஸ்க்கு, அதே நாள் எழுதினது. அதுவும் போச்சு. மிச்சத்தையாவது புதுசுல ஏத்திடலாம். இன்னிக்கு மெஷின் ரிப்பேர், வெள்ளிக்கிழமை கொண்டாங்க."

வெயில் என்ற சொல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. டிவிடியை ஜன்னலோரம் வைத்தது யார்? அவள் இல்லை என்றாள். அவனும் இல்லை என்றான். வெள்ளிக்கிழமை யார் எடுத்துப் போகிறார் பார்ப்போம் என்று இருவரும் தனித்தனியே காத்திருந்தார்கள். எடுத்துப் போகாதவருக்குத்தான் பிரிய ஆசை என்பது இருவரின் கணக்கும். இப்படிப் பதினோரு வெள்ளிகள் போயின. பரிசாக வந்த குக்கர், கொடுத்தவர் வீட்டு அலமாரிக்கே திரும்பியது. மோதிரங்கள் விரலிலேயே மெலிந்து காணாமற்போயின. பன்னிரண்டாம் வாரம் பதிவேட்டில் அவர்களுடைய பக்கம் வெள்ளையானது.

அன்று காலை மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள், சட்டப்படி யாரோ எவரோவாக.

"போகணும்னா இப்போ போகலாம், சார்."

"டிக்கெட் இல்லாம உட்கார்ந்திருக்கேன்னு சொல்றீங்களா?"

"நான் இறங்கச் சொல்லலையே."

"அப்போ டிக்கெட் எடுத்துடறேன்" என்று அவன் பதிவு அலுவலகம் போகச் சட்டையைத் தேடினான்.

அதிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கல்யாணம் செய்துகொள்கிறார்கள். புது டிவிடியை இரும்புப் பெட்டியில் வைத்து, ஆளுக்கொரு பூட்டுப் போடுகிறார்கள். மூன்றாம் முறை போனபோது பதிவாளர் தலை நிமிராமலே "புதுப்பித்தலா?" என்று கேட்டார். "ஆமா" என்றார்கள் இருவரும், மற்றவர் எத்தனை நொடி தாமதிக்கிறார் என்று கவனித்தபடி.