பிளம் சாப்பாட்டுக் கணக்கில் வராது

கடிதத்தைப் படித்த லைகூன், வெட்டிக்கொண்டிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டு ரப்பர் பூட்ஸோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பொத்தட்டுமே, யாருக்கு என்ன?

"உமிழ்நீர் போதுமான அளவு சுரக்கிறது. ஆகவே சோதனையில் சேரத் தகுதி இல்லை." போதுமான அளவாம்! ஆறு வருஷத்துக்கு முன் அவள் மூக்குக்குப் பின்னால் வந்த புற்றுக்கு முப்பத்துமூன்று தடவை கதிர் பாய்ச்சினார்கள். புற்று ஒழிந்தது, கூடவே உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கருகிப் போயின. அன்றிலிருந்து சோறு மணலாக இறங்குகிறது. பல் ஒன்பது விழுந்துவிட்டது. அவள் மீன் விற்கும் ஷாம் ஷுய் போ சந்தையிலேயே பெரிய தொண்டை அவளுடையது. இப்போது நாலு வார்த்தை கூவினால் ஐந்தாவதற்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

டாக்டர் குவான் இதற்கு வழி கண்டுபிடித்திருந்தாள். உதட்டின் உள்பக்கத்திலிருந்து அரிசி அளவு சதை எடுத்து, அதிலிருக்கும் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, குட்டிச் சுரப்பிகளாகத் திரட்டி, கருகின இடத்தில் ஊசியால் வைப்பது. முதல் சோதனைக்குப் பன்னிரண்டே பேர். அந்தப் பன்னிரண்டில் ஒருத்தியாக வேண்டுமென்று லைகூன் மூன்று வருஷம் காத்திருந்தாள்.

"வாங்கக்கா, உக்காருங்க," என்றாள் குவான்.

"உக்கார வரல. ஒரு பிஸ்கட் குடு. தண்ணியில்லாம நான் அதை முழுங்கிட்டேன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

"கோவப்படாதீங்கக்கா. பதினஞ்சு நிமிஷம் கிண்ணத்துல நீங்க வடிச்சதை எடை போட்டுத்தான் எழுதினோம். நாங்க வெச்ச அளவுக்கு மேல வந்திருக்கு."

"எடையைப் பத்தி எனக்கே சொல்லித் தரியா? முப்பது வருஷமா தராசு பிடிக்கிறவடி நான்! என் வாயைத் திறந்து ஒரு தடவை பாத்தியா நீ? நம்பரைத்தானே பாத்தே?"

அதற்கு மேல் நாக்கு ஒட்டிக்கொண்டது. திட்ட ஆயிரம் இருந்தும் ஒன்றும் வெளியே வரவில்லை. பழக்க தோஷத்தில் ஏப்ரன் பைக்குள் கையை விட்டு, உப்பிட்டு உலர்த்திய பிளம் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள்.

குவான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "அது என்னக்கா?"

"பிளம். பாத்ததே இல்லையா?"

"டெஸ்ட் அன்னிக்கும் வாயில இருந்துச்சா?"

"அது எப்பவும்தான் இருக்கும். கிண்ணத்தை நீட்டினப்போ துப்பிட்டேன்."

"ஒன்றரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னோமே! புளிப்பு பட்டா உள்ள மிச்சம் மீதி இருக்கிறதெல்லாம் ஊறி வந்துடுமே!"

"சாப்பிடலையே! பச்சைத் தண்ணி கூடக் குடிக்கல. பிளம் ஒரு சாப்பாடா? வாய் காஞ்சா இதை அடக்கிக்கோன்னு பை நிறையக் குடுத்ததே உங்க கீழ்மாடி நர்ஸுதான்!"

குவான் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தாள். அவளும் இதே ஊரில் பிறந்தவள்தான். அவள் அம்மாவின் கைப்பையிலும் ஒரு பிளம் டப்பா உண்டு. இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம்? கேட்கத் தோன்றவில்லையே!

அன்றே மறுபடி சோதித்தார்கள். ஒன்றரை மணி நேரம் வெறும் வாயோடு உட்கார்ந்துவிட்டு, கிண்ணத்தின் மேல் பதினைந்து நிமிஷம் குனிந்திருந்தாள் லைகூன். கிண்ணத்தில் ஒரு சொட்டு இல்லை.

"மன்னிச்சிடுங்கக்கா. பதினோரு பேர் ஆயாச்சு, ஒரு இடம்தான் பாக்கி. அது உங்களுக்குத்தான்." குவான் பன்னிரண்டாவது வரியில் அவள் பெயரை எழுதி, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். லைகூன் பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "என்னை மாதிரி எச்சில் ஊறுதுன்னு எத்தனை பேரைத் தள்ளினே?"

"பத்தொன்பது பேர்."

"எல்லாரும் இந்த ஊர்க்காரங்கதானே? அவங்க பையில என்ன இருந்துச்சுன்னு கேட்டியா?"

குவான் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "பதிவு வரிசைப்படிதான் இடம். உங்களுக்கு முன்னால பதிஞ்சவங்க அதுல பதினாலு பேர். ஒருத்தர் மறு டெஸ்ட்ல தேறிட்டாலும் இந்த இடம் அவருக்குப் போயிடும். யோசிச்சுக்குங்க."

"அடுத்த சோதனை எப்போ?"

"நடக்குமான்னே தெரியலக்கா."

லைகூனுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இந்தப் பெண் மேல் கோபம், முகம் தெரியாத அந்தப் பதினாலு பேர் மேல் கோபம், சும்மா கையெழுத்துப் போடாமல் கேள்வி கேட்ட தன் மேல்தான் எல்லாவற்றையும்விடக் கோபம். நாசமாய்ப் போக!

"போனைப் போடு," என்றாள்.

"அக்கா..."

"போடுடி! நான் கேக்கணும்."

தள்ளப்பட்டவர்களின் பட்டியலில் முதல் பெயர் மோக், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். குவான் ஸ்பீக்கரில் போட்டாள். "ஐயா, அன்னிக்கு டெஸ்டுக்கு வந்தப்போ வாயில பிளம் ஏதாவது..."

"இல்லாம எப்படிம்மா?" சொல்லுக்குச் சொல் நாக்கைப் பிய்த்தெடுத்துப் பேசியது குரல். "அது என்ன... சாப்பாடா?"

லைகூன் பன்னிரண்டாவது வரியில் இருந்த தன் பெயரை அடித்தாள். அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது.

"வரச் சொல்லு அந்த ஆளை," என்றாள். "பிளம்மை வீட்டுலயே வெச்சுட்டு வரச் சொல்லு."