நான்காம் சாரட்டின் வலது இருக்கை

அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து, அரண்மனை லாயத்தின் நான்காம் சாரட்டு காலியாக நிற்கும்போதும் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு வலது பக்கம் தாழ்ந்து நின்றது. நிலக்கரி கிடைக்கவில்லை, முட்டை ஆளுக்கு வாரம் ஒன்றுதான், நான்காம் சாரட்டு தாழ்ந்திருக்கிறது: அந்த மாதம் லாயத்தில் பேசப்பட்ட செய்திகள் இவை, பேசப்பட்ட வரிசையும் இதுவே. போர் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. சக்கரத் தச்சர் வந்து, வண்டிக்கூட்டைத் தாங்கும் தோல்வார்களைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினார். மறுநாளும் தாழ்ந்தது. ஸ்பிரிங்கை மாற்றினார். தாழ்ந்தது. தரையே சரிவோ என்று வண்டியைத் திருப்பி நிறுத்திப் பார்த்தார். திருப்பிய பிறகும் வண்டியின் வலது பக்கம்தான் தாழ்ந்தது. தச்சர் கைகளைத் துடைத்துக்கொண்டு, தன் வேலையில் குறையில்லை, இனி இது வேறு யாருடைய வேலை என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அன்றிலிருந்து லாயத்தில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள்.

நான்காம் சாரட்டை ஓட்டியவன் வில்ஃப்ரெட் டான்ஸ்லி. முப்பத்தொரு வயது. பெரிய பள்ளியில் இலக்கணமும் லத்தீனும் படித்துவிட்டுக் குதிரைக்காக எல்லாவற்றையும் விட்டு வந்தவன். ஜனவரியில், குளிரில் லண்டனின் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்த வாரத்தில், அவன் மனைவி ஹில்டா நிமோனியாவில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த மறுநாள் அவன் வேலைக்கு வந்தான். கடிவாளத்தின் பித்தளையைத் துலக்கினான், குதிரைகளுக்கு ஓட்ஸ் வைத்தான், யாராவது கையைப் பிடித்தால் பிடிக்கவிட்டான். லாயத்தின் மாடியில் அவனுக்கு இரண்டு அறை வீடு. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துதான் ஹில்டா பட்டன் தைப்பாள். அந்த நாற்காலியின் மெத்தையில் அவள் உட்கார்ந்த பள்ளம் இன்னும் மேலெழும்பவில்லை. அவன் அந்த நாற்காலியில் உட்காரவில்லை, அதை நகர்த்தவுமில்லை. இரவில் அதைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தான். அவனிடம் மிச்சமிருந்தது அந்தப் பள்ளம் ஒன்றுதான்.

ஹில்டா லாயத்தின் சீருடை அறையில் தையல்காரி. சிவப்புக் கோட்டுகளுக்குப் பொன்சரிகை வைப்பது அவள் வேலை. ஆனால் அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊர்வலத்துக்கு முன்னால் விடியற்காலையில் ஒத்திகை நடக்கும். அரச குடும்பத்தார் அந்த நேரத்தில் எழுந்து வரமாட்டார்கள், குதிரைகளுக்கோ எடை பழக வேண்டும். அதற்காக அவர்கள் இடத்தில் மணல் மூட்டைகளை வைப்பார்கள். ஒருமுறை மூட்டை கிழிந்து இருக்கையின் நீலப் பட்டெல்லாம் மணலாகிவிட்டதால், நான்காம் சாரட்டில் மூட்டைக்குப் பதிலாக ஹில்டாவை ஏற்றினார்கள். அவள் எடை அரசரின் அத்தையான கிழ இளவரசியின் எடைக்குச் சரியாக இருந்தது. லாயத்து ஆட்கள் யாரும் வண்டிக்குள் உட்காரக் கூடாது என்பது அங்கே உள்ள வழக்கம். ஹில்டா ஆளாக அல்ல, மூட்டையாக ஏறினாள், அதனால் வழக்கம் கெடவில்லை. வலது பக்க மரியாதை இருக்கையில் உட்கார்ந்து, கையை மெல்ல அசைத்துக்கொண்டு போவாள். தூக்கக் கலக்கத்தில் போலீஸ்காரர்கள் சல்யூட் அடிப்பார்கள். திரும்பி வந்ததும் தன் மிட்டாய் ரேஷனிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து, டிரம்மர் என்ற இடப்பக்கக் குதிரைக்குக் கொடுப்பாள். “மூட்டை ஏறியாச்சா?” என்று லாயம் முழுக்கக் கேலி செய்யும். “ஏறியாச்சு, நீங்க உங்க தொப்பையை ஏத்துங்க” என்பாள்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் பிப்ரவரியில் வண்டி தாழ்ந்தபோது யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. அந்த லாயத்தில் பால் போல் வெளுத்த குதிரையைக்கூட வெள்ளை என்று சொல்லமாட்டார்கள், சாம்பல் என்றுதான் சொல்லவேண்டும். புதிதாக வந்த ஆள் வெள்ளை என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். கண்ணில் படுவதை அப்படியே சொல்வது அங்கே அநாகரிகம். ஆகவே ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அரண்மனை வண்டியை எந்தப் போலீஸும் நிறுத்தாது. இருக்கைக்கு அடியில் கள்ளச் சந்தை மாட்டிறைச்சி போகிறது என்றது ஒரு கட்சி. சீமைச்சாராயம் என்றது இன்னொரு கட்சி.

லாயத்தின் அதிகாரி மேஜர் கார்விக். போரில் ஒரு காதின் செவித்திறனை இழந்தவர், மிச்சமிருந்த காதால் எல்லோரையும் ஒட்டுக்கேட்டவர். அவர் வில்ஃப்ரெட்டைக் கூப்பிட்டு, “டான்ஸ்லி, வண்டிக்குள்ள என்னய்யா வச்சிருக்க?” என்றார்.

“ஒண்ணும் இல்ல சார்.”

“ஒண்ணும் இல்லாததுக்கு இவ்வளவு கனமா?”

இருக்கையைப் பிரித்துப் பார்த்தார்கள். குதிரைமயிர் மட்டுமே இருந்தது. பிரித்துப் போட்டபோதும் வண்டி தாழ்ந்தே நின்றது. அது மேஜரின் சந்தேகத்தைக் கூட்டியது. பிடிபடாத களவு பெரிய களவு என்பது அவர் கணக்கு. மார்ச்சில் இன்னொன்றும் சேர்ந்தது. டிரம்மரின் வாயில் பெப்பர்மின்ட் வாசம் அடித்தது. ஐந்தாம் சாரட்டை ஓட்டிய சிரில் ஸ்டப்ஸ் அதை முகர்ந்துவிட்டு, முற்றத்தில் எல்லோர் முன்னாலும் கத்தினான். ஸ்டப்ஸுக்கு மனைவியும் நான்கு பிள்ளைகளும் ஒரே அறையில்.

“என் புள்ளைங்க மிட்டாயைக் கண்ணால பார்த்து ஒரு மாசம் ஆகுது. உன் குதிரை சப்பிக்கிட்டு நிக்குது! எங்கடா வாங்குற?”

“நான் வாங்கல.”

“அப்ப யாருடா குடுக்குறா? எங்களுக்கும் கொஞ்சம் குடுக்கச் சொல்லேன்.”

வில்ஃப்ரெட்டுக்கு ஸ்டப்ஸ்மேல்தான் சந்தேகம். இரண்டு அறை வீட்டுக்காக, தன்னைக் கள்ளச் சந்தைக்காரன் என்று காட்ட இவன்தான் ஏதோ செய்கிறான் என்று நினைத்தான். மிட்டாய் வாங்கிக் குதிரைக்குக் கொடுத்துவிட்டு இவனே கத்துகிறான். அவனைப் பிடிக்க வில்ஃப்ரெட் வண்டிப் படியில் சுண்ணப் பொடியைத் தூவி வைத்தான், வைக்கோல் குவியலுக்குப் பின்னால் நின்று பார்த்தான். ஸ்டப்ஸ் வரவில்லை. பிற்பகல் வெயிலில் படி தானாக ஒருமுறை அமுங்கி எழுந்தது, கூடு சற்று ஆடி மீண்டும் வலது பக்கம் தாழ்ந்தது, டிரம்மர் தன் கொட்டடியிலிருந்து அந்தப் பக்கம் காதைத் திருப்பியது. பொடியில் சுவடு இல்லை. புதுத் தோல் இழுபடுகிறது என்று வில்ஃப்ரெட் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மனத்தில் வேறொரு பெயர் வந்து நின்றது. அதை அவன் உள்ளே விடவில்லை. தனக்கு அது வேண்டியிருந்தது என்பதாலேயே அவன் அதை நம்பவில்லை. துக்கக்காரன் கண் சொல்வதைத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும் என்பது அவன் எண்ணம்.

மே மாதம் ஒரு வெளிநாட்டு அரசர் விருந்தாளியாக வருவதாக இருந்தது. போருக்குப் பிறகு முதல் பெரிய ஊர்வலம். திறந்த சாரட்டுகள், இருபுறமும் ஜனம். மேஜர் வில்ஃப்ரெட்டை மீண்டும் கூப்பிட்டார். “அன்னைக்கு நாலாம் வண்டி ஜனங்க முன்னாடி கோணலா போச்சுன்னா, சாயங்காலமே லாயத்துச் சாவியைக் கொண்டுவந்து மேஜையில வச்சிடு. வீட்டுச் சாவியையும் சேர்த்து.” வெளியே ஸ்டப்ஸ் நின்றிருந்தான். அவன் குரலில் அன்று கேலி இல்லை. “இடது பக்கம் ஒரு மூட்டையைப் போட்டு மட்டம் பண்ணேன்டா. எவனுக்குத் தெரியப்போகுது?” எதிரி சொல்கிற யோசனை என்று வில்ஃப்ரெட் இரண்டு நாள் அதைத் தள்ளிவைத்தான். வேறு வழி தெரியவில்லை. ஊர்வலத்துக்கு முந்தின நாள் மதியம், பழைய மணல் மூட்டை ஒன்றைத் தூக்கி வந்து இடது இருக்கைக்கு அடியில் வைத்தான்.

வண்டி மட்டமாகவில்லை. இடது பக்கமாகச் சாய்ந்தது. மூட்டையை வெளியே எடுத்தான். வண்டி நேராக நின்றது, எந்தப் பக்கமும் தாழாமல், பிப்ரவரிக்கு முன்னால் நின்றதுபோல. தச்சர் வந்து பார்த்து, தன் தோல்வார் ஒருவழியாகப் பழகிவிட்டது என்றார். மேஜர் கைகொடுத்தார். ஸ்டப்ஸ்கூட முதுகில் தட்டினான். வில்ஃப்ரெட் மாடிக்குப் போனான். ஜன்னலோர நாற்காலியின் மெத்தை மேலெழும்பி, கடையில் வாங்கியபோது இருந்ததுபோல் உப்பியிருந்தது. நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூட்டை இல்லாத இடத்தில் ஏறுவதுதான் அவள் வேலை. மூட்டை வந்தால் அவள் இறங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒழுங்கு தெரிந்திருந்தும், மூட்டையை வைத்து அவளைத் தானே இறக்கிவிட்டிருந்தான். வீடு காப்பாற்றப்பட்டுவிட்டது. அதில் யாரும் இல்லை.

மறுநாள் ஊர்வலம் உரிய நேரத்தில் புறப்பட்டது. சாம்பல் குதிரைகள் பூட்டிய முதல் சாரட்டில் இரண்டு அரசர்களும் போனார்கள். இரண்டாவது போனது, மூன்றாவது போனது. நான்காவதில் கிழ இளவரசி தனியாக ஏறி வலது பக்கம் உட்கார்ந்தாள். அவளுடைய மூக்குப்பொடிக்குப் பயந்து யாரும் அவளோடு ஒரே வண்டியில் ஏறுவதில்லை. வேலைக்காரர்கள் கரண்டி திருடுகிறார்கள், மருத்துவர்கள் பொய் சொல்கிறார்கள், உறவினர்கள் தன் சாவுக்குக் காத்திருக்கிறார்கள் என்று உறுதியாக நம்பியவள். சிறுவயதிலிருந்து தானே வண்டி ஓட்டியவள், அதனால் குதிரைகளை மட்டும் நம்பினாள். வில்ஃப்ரெட் லகானைத் தளர்த்திக் குரல் கொடுத்தான். குதிரைகள் அசையவில்லை. மீண்டும் குரல் கொடுத்தான். டிரம்மர் காதைப் பின்னால் திருப்பியபடி நின்றது. மூன்றாம் வண்டி வாயிலைத் தாண்டிவிட்டது. இடைவெளி பெருகியது. படிக்கட்டில் நின்ற மேஜரின் முகம் சீருடையின் நிறத்துக்கு வந்தது.

“கிளம்புடா! தூங்கிட்டியா?” என்று பின்னாலிருந்து ஸ்டப்ஸ் பல்லைக் கடித்தான்.

இளவரசி தன் கைத்தடியால் ஓட்டும் இருக்கையின் முதுகைத் தட்டினாள். “சவுக்கைத் தொடாதே. குதிரை சும்மா நிக்காது. யாருக்காகய்யா காத்திருக்கு?”

வண்டி ஓட்டுகிறவன் பின்னால் திரும்பக் கூடாது என்பது விதி. வில்ஃப்ரெட் திரும்பாமல், ஜனவரியிலிருந்து சொல்லாத ஒன்றைச் சொன்னான். “என் பொண்டாட்டிக்கு, மேடம்.”

“எங்க அவ?”

“செத்துட்டா மேடம். ஜனவரியில.”

இளவரசி அவனை நம்பினாளா என்று தெரியாது. அவள் டிரம்மரின் காதுகளைப் பார்த்தாள். “என் இடத்துல ஒத்திகைக்கு உக்காருவாளே, அந்தத் தையக்காரியா?”

“ஆமா மேடம்.”

“நான் வருஷத்துக்கு ஒரு தடவை உக்காருறேன். அவ எத்தனை தடவை உக்காந்திருக்கா! அப்ப இது அவ இடம்தானே.” கிழவி முனகிக்கொண்டே எழுந்து, பாவாடையை அள்ளிப் பிடித்து, இடது பக்கம் நகர்ந்தாள். “ஏறச் சொல்லு. சீக்கிரம். ராஜா போயிட்டாரு.”

இளவரசி நகர்ந்ததும் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. மேஜர் ஒரு படி இறங்கினார். வில்ஃப்ரெட் முன்னால் பார்த்தபடியே, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

“ஹில்டா, ஏறு. மூட்டை இல்ல.”

படி அமுங்கியது. வலது பக்கம் தாழ்ந்து, வண்டி மட்டத்துக்கு வந்து நின்றது. டிரம்மர் காதை முன்னால் நிமிர்த்தியது. அவன் குரல் கொடுப்பதற்கு முன்பே குதிரைகள் நடக்கத் தொடங்கின. அன்று போன சாரட்டுகளில் நான்காவதுதான் சிறிதும் ஆடாமல் போனது என்று வேடிக்கை பார்த்தவர்கள் சொன்னார்கள். சில போலீஸ்காரர்கள் காலி இருக்கைக்குச் சல்யூட் அடித்தார்கள், பழைய பழக்கம். இறங்கும்போது இளவரசி தன் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புறப்படும்போது நூலில் தொங்கிக்கொண்டிருந்த முத்துப் பட்டன் இறுகத் தைக்கப்பட்டிருந்தது. “திருடாத ஆள் ஒருத்தியாவது இந்த அரண்மனையில இருக்கா” என்றாள். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து சரிபார்க்காமலே பையில் போட்டாள்.

தோல்வார் சரிசெய்யப்பட்டது என்று மேஜர் மேலிடத்துக்குச் சொன்னார். லாயத்தில் ஹில்டாவின் பெயரை அதற்குப் பிறகும் யாரும் சொல்லவில்லை. நான்காம் சாரட்டில் மட்டும் முழங்காலுக்கு இரண்டு போர்வைகள் வைக்கத் தொடங்கினார்கள். ஏன் என்று கேட்ட புது ஆட்களுக்கு, மூட்டைக்குக் குளிரும் என்று பதில் கிடைத்தது. புறப்படும் முன் ஸ்டப்ஸ் சேணத்தை இறுக்கிக்கொண்டே, “மூட்டை ஏறியாச்சா?” என்று கேட்பான். வில்ஃப்ரெட் ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டு, “ஏறியாச்சு” என்பான். ஸ்டப்ஸுக்குக் கிழக்குப் பக்க மாடியில் வீடு கிடைத்தது. மிட்டாய் ரேஷன் நீங்கியது. டிரம்மர் கிழடாகிப் புல்வெளிக்குப் போனது, அதன் இடத்துக்கு வந்த குதிரையின் வாயிலும் பெப்பர்மின்ட் மணத்தது. இளவரசி சாகும்வரை இடது பக்கமே உட்கார்ந்தாள். வில்ஃப்ரெட் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜன்னலோர மெத்தையில் மீண்டும் பள்ளம் விழுந்திருந்தது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் எதிரே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டான்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு நவம்பரில் அவன் இறந்தான். அடக்கத்துக்கு மறுநாள் காலை, நான்காம் சாரட்டு இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தாழ்ந்து, துளியும் சாயாமல் நின்றது. புதிதாக வந்த தச்சர் வண்டி கச்சிதமாக இருக்கிறது, கை வைக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கிழவனாகிவிட்ட ஸ்டப்ஸ், அலமாரியிலிருந்து மூன்றாவது போர்வை ஒன்றை எடுத்து வந்து, உதறி, இடது இருக்கையில் போட்டான்.