மரத்துக்குத் தங்கச்சி இல்லை

"கலா, கிறிஸ்டோ பாதியிலயே நின்னுட்டாரு!"

கரடியூர்ப் பாறை விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்த தனபால் கத்தினான். சேலத்திலிருந்து வருகிறவர்களைக் கயிற்றில் இறக்குவது அவன் தொழில். ஹெல்மெட் மாட்டிவிடுவது மனைவி கலாவின் வேலை. கீழே கிறிஸ்டோவின் கழுத்துத் துண்டு, கயிறு ஓடும் இரும்புக்குள் சிக்கிக் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது.

"நா இறங்கறேன். உங்கண்ணனக் கூப்புடு!"

"பொங்கல்ல இருந்து நீங்க ரெண்டு பேரும் பேசறதில்லையே!"

"பேசவா கூப்புடறேன்? கயிறு புடிக்க!"

கிறிஸ்டோவின் நண்பன் சதீஷ் பதறினான். "ஒரு கயிறை மரத்துல கட்டிட்டீங்கல்ல? காப்புக் கயிறையும் அதுலயே கட்டிடுங்க!"

"மரத்துக்குத் தங்கச்சி இல்லீங்களே!" என்றான் தனபால்.

தேனெடுக்கப் பாறையில் இறங்கினால் பெண்டாட்டியின் அண்ணன்தான் கயிறு பிடிக்க வேண்டும். தனபால் வீட்டில் அப்படித்தான். தங்கச்சி தாலி என்றால் அண்ணன் கை நழுவாது.

டீக்கடையிலிருந்து வடிகட்டியோடு ஓடிவந்தான் கலாவின் அண்ணன் ஜெயபிரகாஷ். கயிற்றை இடுப்பில் சுற்றிக் காலை ஊன்றி உட்கார்ந்தான்.

"கலா, உங்கூட்டுக்காரர மெதுவாப் போகச் சொல்லு!"

"கலா, உங்கண்ணனக் கயித்த நெகுத்தி, லூசா உடச் சொல்லு!"

"ஏனுங்க, மெதுவாவாம்! அண்ணா, நெகுத்தி உடோணுமாம்! அட, உங்க ரெண்டு பேருக்கும் எங்காதுதான் கெடச்சுதா?"

சட்டென்று காலடிக் கல் பெயர்ந்தது. தனபாலின் கை கயிற்றை விட்டது. சர்ரென்று சரிந்தான். ஜெயபிரகாஷின் உள்ளங்கைக்குள் கயிறு தீயாய் ஓடி, நின்றது.

"மாப்பிள! இருக்கறீங்களா?"

கலா விளிம்புக்கு ஓடி எட்டிப் பார்த்தாள்.

"இருக்கறனுங்க மச்சான்!"

அப்புறம் எல்லாம் வேகம்தான். கிறிஸ்டோவைத் தன் இடுப்பு வாரோடு மாட்டிக்கொண்டான் தனபால். கத்தி கயிற்றில் படாமல் துண்டை மட்டும் அறுத்தான். கிறிஸ்டோ இருமினான், திட்டினான், சிரித்தான்! இருவரும் கீழே தரை தொட்டதும் சதீஷ் போட்ட விசில் பள்ளத்தாக்கெல்லாம் கேட்டது.

சுற்றுப்பாதையில் மேலேறி வந்த தனபால் மச்சானைப் பார்த்துச் சிரித்தான்.

"பேசிப்புட்டீங்களே மச்சான்!"

"உங்ககிட்ட எவன் பேசினான்? எந்தங்கச்சி புருசங்கிட்டப் பேசினேன்."

கலா அண்ணனின் கையை விரித்தாள். தோல் உரிந்து சிவந்திருந்தது. "இதுக்கு மேல நா யாருக்கும் சேதி சொல்லமாட்டேன், சாமி. தொண்ட கட்டிப்போச்சு!"

தனபால் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பொங்கல் சண்டைக்குக் காரணமே இரண்டு வீட்டுக்கும் நடுவே நிற்கும் வேலியோரத்துப் பலாமரம்தான்.

"மச்சான், இந்த வருசம் பழத்துல பாதி உங்களுக்குங்க."

"பாதியா? கயித்த முழுசாத்தானுங்களே புடிச்சேன்!"