ஜெயபால் சார், பார்சல்!

ஜெயபால் பெயருக்கு மூன்றாவது ஆர்டர் வந்தபோது அனிட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கச்சிமடத்தில் வீட்டு முன்னறையிலேயே டப்பா, வாளி, வடிகட்டி என்று ஆன்லைனில் விற்றுப் பிழைக்கிறவள் அவள். ஜெயபால் அவளுடைய சொந்த அண்ணன். கார்த்திகையில் கடலுக்குப் போனவன். படகின் பலகைதான் கரைக்கு வந்தது, ஆள் வரவில்லை. ஆர்டரில் இருந்தது அவன் வீட்டு முகவரி. அங்கே இருப்பது மதினி ஜோதிமேரி ஒருத்திதான்.

முதல் இரண்டு பார்சலும் அப்படியே திரும்பி வந்துவிட்டன. கொண்டுபோன வேல்ராஜ் உச்சிப்புளிக்காரன், கூரியரில் புதுசு, ஊர்க்கதை தெரியாதவன்.

"அக்கா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டா உள்ள ஒரு ஆம்பளை 'வாரேன், வாரேன்'ங்குறாரு. நானும் வெயில்ல நிக்கேன், நிக்கேன், ஆளு வரவே மாட்டேங்குறாரு. 'ஆள் இல்லை, நாளை வருவோம்'னு போட்டுட்டு வந்துட்டேன்."

ஆம்பளையா! அண்ணன் பெயரில் எவனையோ உள்ளே வைத்துக்கொண்டா மதினி அவன் சட்டையைத் தர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள்! உடல் கிடைக்காதவர்களின் சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வது அவர்கள் குடும்ப வழக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அடக்கம் என்று அவளைப் பெற்ற அய்யா வேதநாயகம், கோயிலில் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டார். சட்டைதான் கைக்கு வரவில்லை.

இந்தத் தடவை டிபன் கேரியர். அனிட்டாவே எடுத்துக்கொண்டு நடந்தாள். கையும் களவுமாகப் பிடித்து, நாலு கேள்வி கேட்டு, சட்டையையும் வாங்கி வந்துவிடுவது என்று கிளம்பினாள். பட்டப்பகல். கதவு ஒருக்களித்திருந்தது. தன் குரல் தெரியக் கூடாதென்று கட்டைக் குரலில் கத்தினாள்.

"ஜெயபால் சார்! பார்சல்!"

உள்ளே ஒரு செருமல். அப்புறம், "வாரேன், வாரேன்."

கேரியர் கைநழுவி விழுந்தது. சாப்பிடக் கூப்பிட்டாலும் சரி, சாவு வீட்டுக்குக் கூப்பிட்டாலும் சரி, செருமிவிட்டு ரெண்டு தரம் 'வாரேன்' சொல்லி, லேசில் எழுந்து வராத அதே அண்ணன். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஒரே அறை. கொடியில் நீலச் சட்டை, அதன் அடியில் ஜோதிமேரி. வேறு ஒருவருமில்லை.

"ஒனக்கும் கேட்டுச்சா அனிட்டா?" மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே அழுதாள். "எனக்குத்தான் பைத்தியம்னு நெனச்சேன் தாயி. மொதத் தடவை நெசமாவே பிளாஸ்க்கு வேணும்னுதான் போட்டேன். பழக்கத்துல அவரு பேரு விழுந்துருச்சு. குரலைக் கேட்டதும் எனக்குக் காலு எந்திரிக்கல. நான் கூப்பிட்டா பேச்சுமூச்சு இல்ல, வாசல்ல பார்சல்னு கூப்பிட்டாத்தான் சொல்றாரு. வீட்டாள் கூப்பிட்டு என்னைக்கு அவரு காதுல விழுந்துச்சு!"

பிறகு சட்டையை அண்ணாந்து பார்த்தாள்.

"இதைப் பொதைச்சிட்டா, அப்புறமும் சொல்வாரா?"

அனிட்டாவுக்கு அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்க வேண்டும் போலிருந்தது. அந்த ஆசைதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

கேரியரோடு மட்டும் வீடு திரும்பியவளைப் பார்த்து, "சட்டை எங்க தாயி?" என்றார் அய்யா.

"ஞாயித்துக்கிழமை வேணாம்யா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் நசுங்கிய கேரியரையே திரும்பக் கட்டி, அண்ணன் பெயரை ஒட்டி வேல்ராஜிடம் கொடுத்தாள்.

"நல்லாச் சத்தமாக் கூப்பிடு வேலு."

"எதுக்குக்கா? அந்தாளு வர மாட்டாரு."

"வர வேணாம்," என்றாள் அனிட்டா. "வாரேன்னு சொன்னாப் போதும்."